எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே

நீங்கள் வியாசர்பாடியில் மாலை நேரப் பாட வகுப்பு நடத்துகிறீர்கள். சென்ற ஏப்ரல் வரை எட்டாம் வகுப்பில் இருந்து உங்களிடம் ஒழுங்காக வந்துகொண்டிருந்த பிள்ளைகளில் சிலர் ஜூன் மாதத்துக்குப் பிறகு எந்தப் பள்ளியிலும் இல்லை என்று கண்டு எழுதியிருக்கிறீர்கள். அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை, பாடநூலுக்கு விலை இல்லை, பஸ் பாஸுக்குக் காசு இல்லை, மதியம் சாப்பாடும் உண்டு. இவ்வளவுக்குப் பிறகும் ஒன்பதாம் வகுப்பில் ஏன் நின்றுவிடுகிறார்கள், சட்டம் இதில் என்ன சொல்கிறது, விட்டுப்போன பிள்ளையைத் திரும்பச் சேர்க்க வழி உண்டா என்பவை உங்கள் கேள்விகள். வடசென்னையின் மாநகராட்சிப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராகவும் பிறகு தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வறுமை என்ற ஒரே சொல்லில் இதை முடித்துவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வறுமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நடுச்சுவர் ஒன்றாக இருக்கும் இரண்டு வீடுகளில், ஏறத்தாழ ஒரே கூலியில் வாழும் இரண்டு குடும்பங்களில், ஒரு வீட்டுப் பிள்ளை பன்னிரண்டு வரை போவதையும் அடுத்த வீட்டுப் பிள்ளை எட்டோடு நிற்பதையும் பல முறை பார்த்திருக்கிறேன். விசாரித்தால் பெரும்பாலும் ஒரே ஒரு வேறுபாடுதான் தெரியவரும்: முதல் பிள்ளை படித்தது பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ அதே வளாகத்தில் இருக்கும் பள்ளி; இரண்டாம் பிள்ளை படித்தது எட்டோடு முடியும் நடுநிலைப் பள்ளி. 2022-க்கு முன்பு சென்னை மாநகராட்சி நடத்திவந்த 281 பள்ளிகளில் தொடக்கப் பள்ளிகள் 119, நடுநிலைப் பள்ளிகள் 92, உயர்நிலைப் பள்ளிகள் 38, மேல்நிலைப் பள்ளிகள் 32. பிறகு திருவொற்றியூர், மணலி, மாதவரம் போன்ற விரிவாக்கப் பகுதிகளின் அரசுப் பள்ளிகள் வந்து சேர்ந்ததில் மொத்தம் கூடியது. கீழே அகன்று மேலே குறுகும் அந்த வடிவம் மாறவில்லை. அதாவது நடுநிலைப் பள்ளி ஒன்றில் எட்டை முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையும், நன்றாகப் படிக்கிறதோ இல்லையோ, டி.சி. வாங்கிக்கொண்டு வெளியேறித்தான் ஆகவேண்டும்.

அந்த டி.சி. எங்கே போகிறது என்பதைத்தான் நாம் யாரும் கவனிப்பதில்லை. மே மாதத்தில் வாங்கிய மாற்றுச் சான்றிதழை அம்மா ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைக்கிறார். ஜூனில் புதிய பள்ளிக்கு ஒருநாள் போகிறார்கள். இடம் இருக்கிறதா என்று நாளை வந்து பாருங்கள் என்கிறார்கள், அல்லது சாதிச் சான்றிதழ் கேட்கிறார்கள், அல்லது ஆதாரில் பிறந்த தேதி ஒன்றாகவும் டி.சி.யில் வேறாகவும் இருக்கிறது என்கிறார்கள். வீட்டு வேலைக்கோ மீன் கூடைக்கோ போகும் அம்மாவுக்கு இரண்டாம் நாள் அரைக்கூலி இழப்பு. மூன்றாம் நாள் முழுக்கூலி இழப்பு. பிள்ளை வீட்டில் இருக்கிறது. பழைய பள்ளியின் பதிவேட்டில் பெயர் அடிக்கப்பட்டாயிற்று, புதிய பள்ளியின் பதிவேட்டில் இன்னும் ஏறவில்லை. ஆகவே எந்தத் தலைமையாசிரியருக்கும் அது ‘என் பிள்ளை’ அல்ல. இடைநிற்றல் என்று பின்னால் கணக்கில் வருவதில் பெரும்பகுதி யாரும் முடிவெடுத்து நடப்பதே அல்ல என்பது என் அனுபவம். ‘அடுத்த வாரம் போகலாம்’ என்று தள்ளிப்போட்டதெல்லாம் சேர்ந்து ஒரு வருடமாகிவிடுகிறது. எமிஸ் எனப்படும் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் இணையப் பதிவு வந்த பிறகு இப்படி நடுவில் நிற்கும் பெயர்கள் பொதுத் தொகுப்பில் தெரிகின்றன. நல்ல ஏற்பாடுதான், ஆனால் திரையில் தெரிகிற பெயரைத் தேடிக்கொண்டு சந்துக்குள் போக ஒரு மனிதர் வேண்டும்.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். கட்டாயக் கல்விக்குப் பதினான்கு என்ற வயது எல்லை எங்கிருந்து வந்தது என்றால், 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 45-ஆம் பிரிவு, பதினான்கு வயது முடியும்வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுகளுக்குள் தர அரசு முயலவேண்டும் என்று சொன்னது. அது 2002-இல் 86-ஆவது திருத்தத்தின் வழியாக 21-அ என்னும் அடிப்படை உரிமையாகி, 2009-இல் கல்வி உரிமைச் சட்டமாகி, 2010 ஏப்ரல் 1-இல் அமலுக்கு வந்தது. பத்தாண்டு என்றது அறுபதாண்டு ஆனது ஒருபுறம் இருக்கட்டும். அதற்குள் உலகம் மாறிவிட்டதே, பதினான்கு போதுமா என்று யாரும் நின்று கேட்கவில்லை. இந்தச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வரையுள்ள பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு முடியும்வரை சில கதவுகளைத் திறந்து வைக்கிறது. 5-ஆம் பிரிவின்படி டி.சி. தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக்கூடாது. 14-ஆம் பிரிவின்படி வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது. 15-ஆம் பிரிவின்படி ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்த்துக்கொள்ளவேண்டும். 16-ஆம் பிரிவு பள்ளியிலிருந்து நீக்குவதைத் தடுக்கிறது. பிள்ளை எட்டை முடித்த நாளில் இந்த நான்கு கதவுகளும் ஒன்றாகச் சாத்தப்படுகின்றன. நான் மேலே சொன்ன ஜூன் மாத அலைச்சலை இப்போது நினைத்துப் பாருங்கள்: அந்த அம்மாவிடம் ஏழாம் வகுப்பில் கேட்டிருந்தால் சட்டப்படி தவறாகியிருக்கக்கூடிய ஒவ்வொரு கேள்வியும் ஒன்பதாம் வகுப்பில் முறையான கேள்வி.

இதோடு இன்னொரு சட்டமும் அதே பிறந்தநாளில் கையை விடுகிறது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபோது பதினான்குக்குக் கீழே எந்தத் தொழிலும் கூடாது என்று இறுக்கப்பட்டது (பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற விலக்கு வேறு, அது ஒரு பெரிய ஓட்டை). பதினான்கு முதல் பதினெட்டு வரையுள்ளவர்களுக்கோ, ஆபத்தானவை என்று பட்டியலிட்ட தொழில்களில் மட்டும்தான் தடை. ஆகவே படிக்கவேண்டிய கட்டாயம் முடியும் வயதும் வேலைக்கு வைத்துக்கொள்ளத் தடையில்லாத வயதும் ஒன்றாக அமைந்துவிட்டன. நம் பகுதியில் வேலைக்குப் பஞ்சமும் இல்லை: பந்தல், சவுண்டு சர்வீஸ், கேட்டரிங், மெக்கானிக் ஷெட், மண்ணடி இரும்புக் கடை, சௌகார்பேட்டை மொத்தக் கடை, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைப்பது, கூடை தூக்குவது. கோடை விடுமுறையில் கைச்செலவுக்கு என்று போகிற பையனின் கையில் ஜூன் மாதம் கொஞ்சம் காசு இருக்கிறது. வீட்டிலும் அந்தக் காசுக்கு ஒரு செலவு வந்திருக்கிறது. அவனைப் பள்ளியிலிருந்து வேலை இழுத்துக்கொண்டு போனது என்று சொல்வதைவிட, பள்ளியின் கதவு சாத்தியிருந்த இரண்டு மாதத்தில் அவன் ஏற்கெனவே வேலையில் இருந்தான் என்று சொல்வதே சரி.

பெரியவர்களின் மனக்கணக்கும் இதில் சேர்ந்துகொள்கிறது. பெரம்பூர் பின்னி ஆலை 1996-இல் மூடப்படும்வரை, அப்பாவோ தாத்தாவோ எட்டுக்கும் குறைவாகப் படித்துவிட்டு ஆலையிலோ துறைமுகத்திலோ வேலைக்குச் சேர்ந்து குடும்பத்தைக் கரையேற்றிய வீடுகள் இங்கே ஏராளம். ‘நான் படிச்சா கிழிச்சேன்?’ என்று ஒரு தகப்பன் கேட்டால் அது படிப்பின்மீது உள்ள வெறுப்பு அல்ல. அவர் வாழ்ந்த காலத்தின் நேர்மையான சாட்சியம். இன்று அதே பெரம்பூரில் உள்ள ஐ.சி.எஃப். என்னும் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேரக்கூடப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும், பதினைந்து வயது நிரம்பியிருக்கவேண்டும் என்பதை அவரிடம் விளக்கினால் பெரும்பாலும் புரிந்துகொள்கிறார். அறிவுரையை அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை, ஐ.சி.எஃப். என்றால் நிமிர்ந்து உட்கார்கிறார்.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் 25 விழுக்காட்டு இடத்தில் சேர்ந்த பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். அந்த இடமும் எட்டாம் வகுப்போடு முடிகிறது. 2013 வாக்கில் எல்.கே.ஜி.யில் சேர்ந்தவர்கள் அண்மையில்தான் ஒன்பதுக்கு வந்தார்கள். பத்தாண்டு கட்டணமில்லாமல் படித்த பள்ளியில் திடீரென்று முழுக் கட்டணம். அப்போது மாநகராட்சிப் பள்ளிக்கு வருவது வீட்டாருக்கு இறக்கமாகத் தோன்றுகிறது. கடன் வாங்கி ஓர் ஆண்டு கட்டிவிட்டு, பத்தாம் வகுப்பில் முடியாமல் நிற்கிறார்கள். உங்கள் வகுப்பில் அப்படி யாராவது இருந்தால் ஏழாம் வகுப்பிலேயே வீட்டில் பேசத் தொடங்குங்கள்.

தூரம் என்பதை வரைபடத்தில் அளக்கிறவர்கள் சென்னையில் அது ஒரு சிக்கலே இல்லை என்பார்கள். 2009-இல் தொடங்கிய மத்திய இடைநிலைக் கல்வித் திட்டம் குடியிருப்பிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் ஓர் உயர்நிலைப் பள்ளி என்பதை இலக்காக வைத்தது; வடசென்னையில் எந்த வீட்டுக்கும் அது நிறைவேறியதாகவே கணக்கு வரும். ஆனால் கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கையில் சரக்கு வண்டி எப்போது நகரும் என்று காத்து நின்றவர்களுக்கு அரை கிலோமீட்டரின் நீளம் தெரியும். மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளி வேறு ஊர். எண்ணூர், மணலி சாலைகளில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும்போது பதின்மூன்று வயதுப் பெண்ணைத் தனியாகச் சைக்கிளில் அனுப்ப எந்தத் தாய்க்கும் மனம் வராது. பஸ் பாஸ் இலவசம்தான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் காசே வேண்டாம். ஆனால் பேருந்து வந்து நிற்கும் சாலைக்கும் வீட்டுக்கும் நடுவில் தண்டவாளமோ கால்வாயோ இருக்கிறது. இதைவிடக் கொடியது இடமாற்றம். கால்வாய்க் கரையிலிருந்தும் ஆற்றங்கரையிலிருந்தும் அகற்றிய குடும்பங்களை ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்கு அப்பால் பெரும்பாக்கத்துக்குக் கல்வி ஆண்டின் நடுவே ஏற்றி அனுப்பியபோது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பழைய பள்ளிக்கே விடியற்காலையில் பேருந்து ஏறி வந்ததுண்டு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் வரவில்லை. பொதுத்தேர்வு இல்லாத வகுப்புக்காக யாரும் அவ்வளவு சிரமப்படுவதில்லை.

இவை எல்லாவற்றையும் தாண்டி ஒன்பதாம் வகுப்பு அறைக்குள் வந்து உட்கார்ந்த பிள்ளைக்கு அங்கே என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கிற இடம். இதில் என் பங்கும் உண்டு. எட்டு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பது தமிழ்நாட்டின் கொள்கை, அது சரியான கொள்கை என்றே இன்றும் நினைக்கிறேன். 2019-இல் ஐந்து, எட்டு வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று ஓர் ஆணை வந்து, 2020 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கும். அது வந்திருந்தால் ஒன்பதில் நிற்கிறவர்கள் ஐந்திலேயே நின்றிருப்பார்கள். ஆனால் நிறுத்திவைக்காமல் அனுப்புவதற்கும் கற்பித்து அனுப்புவதற்கும் நடுவிலுள்ள வேலையை நாம் முழுதாகச் செய்யவில்லை. பத்தியைத் தடங்கலின்றி வாசிக்க முடியாத பிள்ளை, வகுத்தலில் தடுமாறும் பிள்ளை, ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று கனமான பாடநூல்களுக்கு வருகிறது. வேதியியல் சமன்பாட்டையும் இயற்கணிதத்தையும் கரும்பலகையில் பார்க்கையில் அதற்குத் தோன்றுவது ‘எனக்குப் புரியவில்லை’ என்பது அல்ல, ‘எல்லோருக்கும் தெரிந்துவிடும்’ என்பது. அடுத்த நாள் வயிற்றுவலி.

ஆசிரியரின் நிலையையும் சொல்லவேண்டும். பள்ளியின் பெயரைப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடுதான் தீர்மானிக்கிறது. நூற்றுக்கு நூறு வேண்டும் என்று மேலிருந்து வரும் நெருக்கடி, ஒன்பதாம் வகுப்பை ஒரு சல்லடையாக மாற்றிவிடுகிறது. நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வுக்குப் பிறகு சில பெற்றோரைக் கூப்பிட்டு, ‘இங்கே இருந்தால் பத்தில் தேறமாட்டான், டி.சி. வாங்கிக்கொண்டு வேறு ஏதாவது பாருங்கள்’ என்று பக்குவமாகச் சொல்லும் வழக்கம் இருந்தது. உதவித் தலைமையாசிரியராக அந்தக் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஆண்டு எங்கள் தேர்ச்சி உயர்ந்தது, பாராட்டுச் சான்றிதழும் வந்தது. டி.சி. வாங்கிப்போனவர்களில் ஒருவன் இப்போது பெரிய குடும்பஸ்தன். வழியில் பார்த்தால் ‘சார்’ என்று வண்டியை நிறுத்துகிறான். அவன் நிறுத்தும்போதெல்லாம் எனக்கு அந்தச் சான்றிதழ்தான் நினைவுக்கு வருகிறது.

பெண் பிள்ளைகளின் கதை கொஞ்சம் வேறு. அவர்களில் படிப்பு ஏறாமல் நிற்பவர்கள் குறைவு; வீட்டில் ஆள் தேவைப்பட்டு நிற்பவர்கள் மிகுதி. கைக்குழந்தை, படுத்த படுக்கையான பாட்டி, காலையில் வரும் குடிநீர் லாரி, மாதவிடாய் நாட்களில் பள்ளிக் கழிப்பறையின் நிலை என்று காரணங்கள் சின்னச் சின்னதாக இருக்கும். ‘பையன் ஒருவனோடு பேசுகிறாள்’ என்ற ஒரு பேச்சு கிளம்பினால் மட்டும் ஒரே நாளில் நிறுத்திவிடுவார்கள்.

தமிழ்நாடு இதில் சும்மா இருக்கவில்லை. 2021-22-இல் மேல்நிலை வகுப்புகளில் மொத்தச் சேர்க்கை விகிதம் இந்திய அளவில் 57.6 விழுக்காடாக இருந்தபோது தமிழ்நாட்டில் 80-ஐத் தாண்டியிருந்தது. ஆனால் நம் திட்டங்களின் பரிசுகள் எந்தப் படியில் தொங்குகின்றன என்று பாருங்கள். பதினொன்றில் சைக்கிள். 2011-12 முதல் வரும் சிறப்பு ஊக்கத்தொகையில் பத்துக்கும் பதினொன்றுக்கும் 1,500 ரூபாய் வீதம், பன்னிரண்டுக்கு 2,000. 2022 செப்டம்பர் 5-இல் நம் பகுதியின் பாரதி மகளிர் கல்லூரியில் தொடங்கிவைத்த புதுமைப்பெண் திட்டம் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. 2024-இல் வந்த தமிழ்ப்புதல்வன் பையன்களுக்கு அதையே தருகிறது. எல்லாம் நல்லவை, ஆனால் எல்லாம் பத்தாம் படியிலும் அதற்கு மேலும்தான். ஒன்பதில் சேரும் பிள்ளைக்கோ, மாநில அரசின் விலையில்லாச் சீருடை எட்டோடு நின்றுபோகிறது. புதிய பள்ளியின் நிறத்தில் இரண்டு செட் தைக்கவேண்டும். உடைந்த படி ஒன்பதாவது. நாம் பூமாலை கட்டியிருப்பது பன்னிரண்டாவது படியில். மதிய உணவு மட்டும் பத்து வரை கூடவே வருகிறது. அதற்கு 1982-இல் விரிவான திட்டம் தொடங்கிய எம்.ஜி.ஆரையும், அடுத்த சில ஆண்டுகளில் அதைப் பத்தாம் வகுப்புக்கு நீட்டியதையும் நன்றியோடு நினைக்கவேண்டும்.

ஒன்பதுக்கென்றே அமைந்த பெரிய தொகை என்.எம்.எம்.எஸ். எனப்படும் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தொகைதான். எட்டாம் வகுப்பில் இருக்கும்போது தேர்வு எழுதித் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டக்கூடாது. உங்கள் மாலை வகுப்பில் ஏழாம் வகுப்பு முதலே இதற்குப் பயிற்சி கொடுக்க முடிந்தால், நீங்கள் செய்யக்கூடியவற்றில் இதைவிடப் பயனுள்ளது இல்லை. ஆதிதிராவிட வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்பது, பத்தில் தனியாக உதவித்தொகை உண்டு. அதற்கும் சாதிச் சான்றிதழும் வங்கிக் கணக்கும் வேண்டும் என்பதால் அவற்றை எட்டாம் வகுப்பு முடியும்முன் எடுத்துவைப்பது இரட்டைப் பயன்.

மற்றபடி நான் சொல்வது மிகச் சாதாரணமான வேலை. ஏப்ரலில் உங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயரை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் எந்தப் பள்ளிக்குப் போகப்போகிறது என்று கேட்டு எழுதுங்கள். டி.சி.யிலும் ஆதாரிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகின்றனவா என்று அப்போதே பாருங்கள். சேர்க்கைக்குப் போகும் நாளில் நான்கைந்து அம்மாக்களோடு நீங்களும் சேர்ந்து போங்கள். தனியாக வருபவரை நாளை வா என்று சொல்லும் மேசை, கும்பலாக வருபவர்களை அப்படிச் சொல்லத் தயங்கும். ஜூன் கடைசியில் அந்த நோட்டை மறுபடியும் எடுத்து, எதிரில் பள்ளியின் பெயர் இல்லாதவர்களைத் தேடிப் போங்கள். நான்கு வாரத்துக்குள் போனால் ஒரே பேச்சில் வருவார்கள். தீபாவளிக்குப் பிறகு போனால் வேலை கொடுத்த முதலாளியிடமும் பேசவேண்டியிருக்கும்.

ஏற்கெனவே ஓர் ஆண்டு விட்டுப்போன பதினைந்து வயதுப் பையனை என்ன செய்வது என்று கேட்டீர்கள். ஒன்பதில் சேர்க்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. முடிவு தலைமையாசிரியர் கையில். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோர் ஒருவரையும் வட்டார வள மையத்தின் ஆசிரியப் பயிற்றுநரையும் அழைத்துக்கொண்டு போய்க் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். சிறியவர்களோடு உட்காரக் கூச்சப்படுகிறான் என்றால், அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டர் போன்ற சில பிரிவுகளில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு சேரலாம், கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. வடசென்னைக்கே ஒரு நிலையம் இருக்கிறது. வேலையை விடவே முடியாதவனுக்குத் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதும் வழி உண்டு, ஆனால் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதியவேண்டும் என்பதை மறந்து ஓர் ஆண்டை இழந்தவர்கள் பலர். பதினான்குக்குக் கீழே உள்ள பிள்ளை வேலையில் இருந்தாலோ, பதினெட்டுக்குக் கீழே உள்ள பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடந்தாலோ 1098-ஐ அழையுங்கள். யார் அழைத்தது என்று வீட்டாருக்குச் சொல்லமாட்டார்கள்.

சட்டத்தை மாற்றவேண்டாமா என்றால், மாற்றவேண்டும். நம்மைப் போன்றே வளரும் நாடான இலங்கை, 2016-இல் கட்டாயக் கல்வி வயதைப் பதினான்கிலிருந்து பதினாறாக உயர்த்தியது. நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை பதினெட்டு வரை அனைவருக்கும் கல்வி என்று எழுதியிருக்கிறதே தவிர, கல்வி உரிமைச் சட்டத்தின் பதினான்கு அப்படியே நிற்கிறது. ஆனால் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்று உண்டு: இடமிருக்கும் நடுநிலைப் பள்ளிகளில் ஒன்பதையும் பத்தையும் திறப்பது. டி.சி. வாங்கத் தேவையில்லாத பிள்ளை வழியில் தொலைவதில்லை.

கடைசியாக, வீடுகளுக்குப் போகும் நேரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீடென்றால் இரவு எட்டுக்குப் பிறகு, ஆனால் சனிக்கிழமை வேண்டாம். அன்று சம்பள நாள், அப்பாவோடு பேச முடியாது. காசிமேட்டுக் குடும்பமென்றால் ஞாயிறு காலையில் போகாதீர்கள், அன்றுதான் வியாபாரம் அதிகம். திங்கள் மதியம் போங்கள்; அம்மா வீட்டில் இருப்பார், டீ குடிக்காமல் விடமாட்டார்.